நகரத்துக்குச் சுத்தமான மின்சாரம்: சான்றிதழா, சொந்தக் கூரையா, நீண்ட ஒப்பந்தமா, கம்பியையே வாங்கிவிடுவதா?

நகர மன்றம் "நூறு சதம் சுத்தமான மின்சாரம்" என்று ஒரு தீர்மானம் போடுகிறது. கைதட்டல் ஓய்வதற்குள் பொறியாளரின் மேசையில் முன்மொழிவுகள் குவியத் தொடங்கிவிடும். ஒருவர் "எங்கோ இவ்வளவு சுத்தமான மின்சாரம் உற்பத்தியானது" என்ற சான்றிதழை விற்கிறார், இன்னொருவர் பள்ளிக் கூரையைக் கேட்கிறார், மூன்றாமவர் 20 ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்து நிற்கிறார். மன்றத்திலேயே சிலர், விநியோகக் கம்பெனியையே நகரம் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். "இதில் எதற்குத்தான் சரி சொல்வது?" என்று கேட்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

ஐந்து வழிகளை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் ஒரு கோப்பைத் தயார் செய்ய வேண்டும். அது இல்லாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் குருட்டாம்போக்குத்தான்.

## முதலில் மணிக்கணக்கு

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். நகராட்சியின் எல்லா மின் இணைப்புகளும் ஒவ்வொரு மணி நேரத்திலும் எவ்வளவு இழுக்கின்றன என்பதுதான் அந்தக் கோப்பு. பெரிய இணைப்புகளில் இதைப் பதிவு செய்யும் மீட்டர் பெரும்பாலும் இருக்கும், விநியோகக் கம்பெனியிடம் எழுதிக் கேட்டால் கிடைக்கும். தெருவிளக்குக்குச் சூரியன் மறையும், உதிக்கும் நேரத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். சிறிய அலுவலகங்களை மாதப் பில்லிலிருந்து மதிப்பிட்டால் போதும், அவற்றில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு பாடு? ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு நகரத்தில் 40,000 தெருவிளக்குகள், ஒவ்வொன்றும் 60 வாட். மொத்தம் 2.4 மெகாவாட். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,100 மணி நேரம் எரிந்தால் 98 லட்சம் யூனிட். நல்ல வெயில் உள்ள இடத்தில் 6.5 மெகாவாட் சோலார் நிலையமும் ஆண்டுக்கு ஏறக்குறைய அதே அளவு தரும். ஆண்டுக் கணக்கில் வரவும் செலவும் நேராகிவிட்டன, "எங்கள் தெருவிளக்கு முழுவதும் சூரிய ஒளியில்" என்று பலகை வைக்கலாம். ஆனால் அந்த விளக்குகள் எரியும் நேரத்தில் சோலார் ஒரு யூனிட்கூடத் தந்திருக்காது. இரவெல்லாம் எரிவது மின்தொகுப்பில், அதாவது எல்லா நிலையங்களையும் இணைக்கும் கம்பி வலையில், அப்போது ஓடும் நிலக்கரியாலோ எரிவாயுவாலோ நீர்மின்சாரத்தாலோதான்.

ஆண்டுச் சராசரிக்கும் மணிக்கணக்குக்கும் உள்ள இந்த இடைவெளியைத் தீவுகளில் தெளிவாகப் பார்க்கலாம். டென்மார்க்கின் சாம்சோ தீவு 2000இல் தரையில் 11 காற்றாலைகளையும், அடுத்த சில ஆண்டுகளில் கடலில் 10 காற்றாலைகளையும் நிறுவி, தன் தேவைக்கு மேல் மின்சாரம் தயாரிக்கிறது. காற்று நின்ற இரவில் பெருநிலத்திலிருந்து வரும் கேபிள் கைகொடுக்கிறது. ஸ்பெயினின் எல் ஹியேரோ தீவுக்கு அப்படி ஒரு கேபிள் கிடையாது. 2014இல் 11.5 மெகாவாட் காற்றாலைகளோடு மலைமேல் நீர்த்தேக்கமும் கட்டினார்கள். பல நாள் தொடர்ந்து முழுக்கச் சுத்தமான மின்சாரத்தில் அந்தத் தீவு ஓடியதுண்டு. ஆண்டுச் சராசரி என்று பார்த்தால் பாதியை ஒட்டித்தான் நிற்கிறது, மீதிக்கு டீசல்.

கோப்பு தயாரானதும் வீண் செலவை வெட்டுங்கள். சோடியம் விளக்கை எல்.இ.டி.யாக மாற்றினால் பாதிக்கு மேல் குறையும். தேய்ந்த பம்பை மாற்றுவது, கசியும் குழாயை அடைப்பது எல்லாம் இதே கட்டத்தில் செய்ய வேண்டியவை. இதைத் தள்ளிப்போட்டால், இரண்டு ஆண்டில் காணாமல் போகப்போகும் சுமைக்கும் (மின் தேவைக்கும்) சேர்த்து 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிடுவீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

யாருடைய மின்சாரம்? நகராட்சியின் சொந்தச் சுமை, ஊரின் மொத்த நுகர்வில் ஒரு சிறு பங்குதான். வீடுகளையும் கடைகளையும் ஆலைகளையும் எட்டாத வழியால் "நகரமே மாறியது" என்று சொல்ல முடியாது.

புதிய நிலையம் எழுகிறதா? உங்கள் பணத்தால் எங்காவது ஒரு புதிய காற்றாலையோ சோலார் நிலையமோ வருகிறதா, அல்லது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதன் பெயர் மட்டும் மாறுகிறதா?

மணி பொருந்துகிறதா? மேலே பார்த்ததுதான்.

நட்டம் யார் தலையில்? விலை இறங்கினால், நிலையம் தாமதமானால், காற்று அடிக்காத ஆண்டு வந்தால்?

பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா? முன்மொழிவுகளில் இந்தக் கேள்வி இருக்கவே இருக்காது. திட்டங்கள் படுப்பது பெரும்பாலும் இங்கேதான்.

| வழி | எட்டும் சுமை | புதிய நிலையம் | மணிப் பொருத்தம் | பலன் தெரியும் காலம் | முக்கிய ஆபத்து |
|---|---|---|---|---|---|
| சான்றிதழ் | எதுவும் | பெரும்பாலும் இல்லை | இல்லை | வாரங்கள் | நம்பகத்தன்மை |
| சொந்தக் கூரை, நிலம் | நகராட்சிச் சுமையில் ஒரு பகுதி | உண்டு | பகலில் நன்று | 6–18 மாதம் | பராமரிப்பு |
| நீண்டகால ஒப்பந்தம் | நகராட்சிச் சுமை முழுவதும் | உண்டு, சரியாக எழுதினால் | காற்றும் சூரியனும் கலந்தால் ஓரளவு | 2–4 ஆண்டு | விலை, அளவு |
| கூட்டுக் கொள்முதல் | பல அமைப்புகள். சட்டம் இருந்தால் வீடுகளும் | உண்டு | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | 2–5 ஆண்டு | ஒருங்கிணைப்பு |
| விநியோகத்தை ஏற்பது | முழு நகரம் | தானாக வராது | தானாக வராது | 5–10 ஆண்டு | வழக்கு, கடன் |

## 1. சான்றிதழ் வாங்குவது

ஒரு மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட் சுத்தமான மின்சாரம் உற்பத்தியானால் ஒரு சான்றிதழ். மின்சாரம் ஒருவருக்கும் சான்றிதழ் வேறொருவருக்கும் போகலாம். நகரம் பழைய கம்பெனியிடமே மின்சாரம் வாங்கிக்கொண்டு, தன் நுகர்வுக்கு ஈடான சான்றிதழ்களைத் தனியே வாங்கிவிடலாம்.

வேகம்தான் இதன் ஒரே பெரிய பலம். வாடகைக் கட்டடத்தில் இருக்கும் அலுவலகம், கம்பெனியை மாற்றச் சட்டம் இடம் தராத ஊர், ஒப்பந்த நிலையம் எழும்வரை இரண்டு ஆண்டு இடைவெளியை நிரப்ப நினைக்கும் நகரம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும்.

பலவீனத்துக்கு ஐஸ்லாந்து நல்ல சாட்சி. அங்கே மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீரிலிருந்தும் பூமியின் வெப்பத்திலிருந்தும் வருகிறது. சான்றிதழ்களை ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கு விற்றதால், அந்த நாட்டின் காகிதக் கணக்கில் நிலக்கரி மின்சாரமும் அணுமின்சாரமும் ஏறின. அங்கே ஒரு நிலக்கரி மின்நிலையமோ அணுமின் நிலையமோ கிடையாது! பல பத்தாண்டுகளாக ஓடும் அணையின் சான்றிதழுக்கு நீங்கள் தரும் பணம், அணையின் உரிமையாளருக்கு எதிர்பாராத உபரி வருமானம். அதனால் புதிய நிலையம் எதுவும் வராது.

அமெரிக்காவின் பர்லிங்டன் நகரம் 2014இல் ஒரு நீர்மின் நிலையத்தை வாங்கி, தன் மின்சாரம் முழுவதும் புதுப்பிக்கத்தக்கது என்று அறிவித்தது. அதன் மின் துறை, தன் நிலையங்களின் விலைமதிப்புள்ள சான்றிதழ்களை விற்று, மலிவானவற்றை வாங்கிக் கணக்கை நேர் செய்கிறது. சட்டப்படி இதில் தவறில்லை, மக்களின் கட்டணமும் குறைகிறது. ஆனால் "நூறு சதம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கலாம் என்பது ஓட்டுப் போடும் உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்குவதானால் நான்கைப் பாருங்கள்: உற்பத்தியான ஆண்டு உங்கள் நுகர்வு ஆண்டாக இருக்கட்டும், நிலையம் உங்கள் மின்தொகுப்பிலேயே இருக்கட்டும், அண்மையில் கட்டப்பட்டதாக இருக்கட்டும், சான்றிதழ் நகரத்தின் பெயரில் பயன்படுத்தப்பட்டு ரத்து செய்யப்பட்டதற்குப் பதிவேட்டில் சான்று இருக்கட்டும். கடைசியை விட்டால் அதே சான்றிதழ் மறுபடி விலைபோகும். கார்பன் கணக்கை எழுதும்போது, தொகுப்பின் சராசரியை வைத்து ஒன்று, வாங்கியதை வைத்து ஒன்று என இரண்டையும் காட்டுவது 2015 முதல் உலக அளவில் ஏற்கப்பட்ட முறை. இரண்டாவதை மட்டும் அச்சிடும் அறிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

## 2. சொந்தக் கூரையிலும் நிலத்திலும்

கண்ணுக்குத் தெரியும், திறப்புவிழா நடத்தலாம் என்பதால் மன்றங்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. கெட்ட வழியும் இல்லை. அளவு மட்டும் மனதில் இருக்க வேண்டும்.

ஒரு கிலோவாட்டுக்குப் பேனல் மட்டும் ஏறக்குறைய 5 சதுர மீட்டர். நடைபாதை, நிழல், வரிசை இடைவெளி எல்லாம் சேர்த்தால் தட்டையான கூரையில் 8 முதல் 10 சதுர மீட்டர். ஆக, ஒரு மெகாவாட்டுக்கு 10,000 சதுர மீட்டர் வரை கூரை வேண்டும். அது ஒரு பள்ளியில் கிடைக்காது. பல பள்ளிகள், சந்தை, பணிமனை எல்லாம் சேர வேண்டும். தரையில் என்றால் ஏறக்குறைய இரண்டு ஹெக்டேர். வெயில் மிகுந்த இடத்தில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,400–1,600 யூனிட் தரும். மேகமூட்டமான வடபகுதிகளில் 900–1,000.

மறைந்திருக்கும் செலவுகள் கூரைக்குக் கீழேதான் தொடங்குகின்றன. கட்டமைப்புப் பொறியாளரின் சான்று வாங்காமல் டெண்டர் விட்டால், பாதிக் கட்டடங்கள் எடை தாங்காது என்று பிறகு தெரியவரும். நீர்க்கசிவுக் காப்பின் ஆயுள் இன்னும் ஐந்தாறு ஆண்டுதான் என்றால் அதை இப்போதே புதுப்பித்துவிடுங்கள். பேனல் ஏறிய பிறகு கசிந்தால், கழற்றி மாட்டும் கூலியே திட்டத்தின் சேமிப்பைத் தின்றுவிடும். பேனல் 25 ஆண்டுக்கு மேல் உழைக்கும், ஆண்டுக்கு அரை சதவீதம் அளவு திறன் குறையும். பேனலின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரோ 10–15 ஆண்டில் மாற்ற வேண்டியது. அதற்கான தொகையை முதல் நாளே தனிக் கணக்கில் ஒதுக்காத நகரங்களில், பன்னிரண்டாம் ஆண்டில் பேனல் வெயிலில் சும்மா காய்ந்துகொண்டிருக்கும்.

பழுதுகள் பெரும்பாலும் சின்ன இடத்திலிருந்து வருகின்றன. பேனல் கேபிள்களை இணைக்கும் எம்.சி.4 இணைப்பிகளில் வெவ்வேறு கம்பெனிகளுடையதை ஒன்றோடொன்று செருகினால் உள்ளே தொடர்பு இறுகாது. சூடேறி உருகும், தீயும் பிடிக்கும். எனவே "செருகும் முனையும் ஏற்கும் முனையும் ஒரே தயாரிப்பு" என்று டெண்டரில் ஒரு வரி எழுதுங்கள். தகரத்தின் கூர்முனையில் உரசும் டி.சி. கேபிள் மழைக்காலத்தில் எர்த் கோளாறு தரும், இன்வெர்ட்டர் காலையில் எழவே எழாது. எல்லாவற்றையும் விட அதிகம் நடப்பது இது: கண்காணிப்புப் பெட்டியில் உள்ள சிம் கார்டுக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. தகவல் நின்றுபோகிறது, ஒரு வரிசை பேனல் செத்துக் கிடப்பது ஆண்டுக் கணக்கு எடுக்கும்போதுதான் தெரிகிறது. வெயில் அளவோடு ஒப்பிட்ட செயல்திறன் விகிதத்தை மாதம் ஒருமுறை பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். 75–85 சதவீதம் இயல்பு. 70க்குக் கீழே போனால் ஆள் அனுப்பலாம்.

டெண்டரை "ஒரு கிலோவாட்டுக்கு என்ன விலை" என்று கேட்காமல், "ஆண்டுக்கு எத்தனை யூனிட் உத்தரவாதம், குறைந்தால் என்ன ஈடு" என்று கேளுங்கள். முன்பணம் இல்லையென்றால், தனியார் முதலீட்டில் நிலையம் வைத்து யூனிட்டுக்குப் பணம் வாங்கும் முறை உண்டு. அதில் 20 ஆண்டுக்கு மேல் அந்தக் கூரை உங்கள் கையில் இருக்காது. இடிக்கவோ மாடி எழுப்பவோ வாய்ப்புள்ள கட்டடத்தை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

### நீரேற்று நிலையம்: தனியாகப் பார்க்க வேண்டியது

சோலாருக்கு நகராட்சியிடம் உள்ள மிகச் சிறந்த துணை குடிநீர் பம்பு. நிலம் இருக்கிறது, சுமை பெரியது, தொட்டியே சேமிப்பாக வேலை செய்கிறது. நாளுக்கு 5 கோடி லிட்டரை 60 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 65 சதவீதத் திறன் என்றால் 12,600 யூனிட் வேண்டும். 20 மணி நேரம் ஓட்டினால் 630 கிலோவாட்.

"பகலிலேயே ஓட்டிவிடலாமே" என்பது உடனே வரும் யோசனை. எட்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் ஓட்டம் இரண்டரை மடங்காகும். குழாயில் உராய்வு இழப்பு ஓட்டத்தின் இருபடிக்கு ஏறும், அதாவது ஆறு மடங்கு. பழைய குழாய் தாங்காது, சுத்திகரிப்பு நிலையமும் அந்த வேகத்தில் நீர் தராது. புதிய குழாய்க்கு ஆகும் செலவு, சோலாரின் மொத்த லாபத்தையும் விழுங்கிவிடும்.

செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. பம்பு எப்படியும் நாளில் நான்கு மணி நேரம் ஓய்வெடுக்கிறது. பல இடங்களில் அந்த ஓய்வு ஆள் மாறும் வசதிக்காக அதிகாலையிலோ நண்பகலிலோ இருக்கும். அதை மாலை 6 முதல் 10 மணிக்குத் தள்ளுங்கள். சூரியன் இறங்கி, வீடுகளில் விளக்கும் அடுப்பும் ஏறி, தொகுப்பில் பழைய அனல் நிலையங்களை உசுப்பும் நேரம் பெரும்பாலும் அதுதான். தொட்டியில் நான்கு மணி நேரத்துக்கு நீர் இருந்தால் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு டைமரும், பணி அட்டவணையில் ஒரு திருத்தமும். ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகும் முன்பே இதைச் செய்துவிடலாம்.

## 3. நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம்

ஊருக்கு வெளியே எழப்போகும் காற்றாலை அல்லது சோலார் நிலையத்தோடு 10 முதல் 25 ஆண்டுக்கு விலை பேசி முடிப்பது. உங்கள் கையெழுத்தைக் காட்டித்தான் கட்டுபவர் வங்கியில் கடன் வாங்குகிறார். ஆகவே புதிய நிலையம் உண்மையிலேயே எழுகிறது. தனியாகச் செய்யக்கூடிய வழிகளில் அளவும் பலனும் சேர்ந்து வருவது இதில்தான் என்பது எங்கள் கருத்து. தவறாக எழுதினால் அடியும் இங்கேதான் பலம்.

இதில் இரண்டு வகை. நேரடி ஒப்பந்தத்தில் மின்சாரமே உங்கள் கணக்குக்கு வருகிறது. அதற்கு, விரும்பியவரிடம் வாங்கச் சட்டம் அனுமதிக்க வேண்டும். நிதி ஒப்பந்தத்தில் மின்சாரம் சந்தைக்குப் போகிறது. சந்தை விலை பேசிய விலையை விட ஏறினால் வித்தியாசத்தை அவர் தருவார், இறங்கினால் நீங்கள் தர வேண்டும். இரண்டாவதில் ஒரு கண்ணி: ஒப்பந்தக் கணக்கைத் தீர்க்க எடுத்துக்கொள்ளும் இடத்தின் சந்தை விலையும் உங்கள் பில்லுக்கு அடிப்படையான விலையும் வேறு வேறாக இருக்கலாம். அங்கே விலை இறங்கி, இங்கே உங்கள் பில் ஏறினால் இரண்டு பக்கமும் இழப்பு.

அளவில் தவறுவதற்குப் பாடம் டெக்சாஸின் ஜார்ஜ்டவுன். அப்போது ஒரு லட்சம் பேர்கூட இல்லாத நகரம். மின் விநியோகமும் நகரத்தின் கையிலேயே இருந்தது. 144 மெகாவாட் காற்றாலையோடு ஒன்று, ஏறக்குறைய 150 மெகாவாட் சோலாரோடு ஒன்று என 20, 25 ஆண்டு ஒப்பந்தங்கள் போட்டது. மக்கள்தொகை வளரும் என்ற எதிர்பார்ப்பில் தேவையை விடக் கூடுதலாக வாங்கி, உபரியைச் சந்தையில் விற்பதாகத் திட்டம். எரிவாயு மலிந்து சந்தை விலை சரிந்தபோது அந்த உபரி நட்டத்தில் போனது. 2018இல் மட்டும் பட்ஜெட்டில் 68 லட்சம் டாலர் அளவு பள்ளம், அதை மக்களின் பில்லில் ஏற்ற வேண்டியதாயிற்று. காற்றாலையும் சோலாரும் குறையில்லாமல்தான் ஓடின. நகரம் தன்னை அறியாமலே மின் வியாபாரி ஆகியிருந்ததுதான் கோளாறு.

எனவே முதல் ஒப்பந்தம் உங்கள் ஆண்டுத் தேவையில் 60–70 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் சுமை ஒருபோதும் எந்த அளவுக்குக் கீழே இறங்குவதில்லையோ அந்தத் தரைமட்டத்தை மணிக்கணக்குக் கோப்பில் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து, விலையும் சுமையும் தெளிந்த பிறகு இரண்டாவதைப் போடலாம். முதலாவது சோலார் என்றால் இரண்டாவது காற்றாக இருக்கட்டும். சோலார் பெருகப் பெருக நண்பகல் விலை விழுகிறது, உங்கள் உபரியும் அதே நண்பகலில்தான் வரும்.

வரைவில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய இடங்கள் இவை.

அளவு. "உற்பத்தியானதையெல்லாம் வாங்குவோம்" என்றால் விலை குறைவு, ஆபத்து உங்களுடையது. "மணிக்கு இவ்வளவு" என்று நிலையான அளவு கேட்டால் விலை கூடும், ஆபத்து அவருடையது. தனி மின்கொள்முதல் அலுவலர் இல்லாத நகரம் இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

மதிப்பீடு. கட்டுபவர் பி50 என்ற உற்பத்தி எண்ணைக் காட்டுவார்: பாதி ஆண்டுகளில் அதை எட்டும், பாதியில் எட்டாது. பத்தில் ஒன்பது ஆண்டுகளில் எட்டக்கூடிய பி90 எண்ணையும் கேளுங்கள். பற்றாக்குறை ஆண்டில் வெளியே எவ்வளவு வாங்க நேரும் என்பது அதில்தான் தெரியும்.

எதிர்மறை விலை. காற்றும் வெயிலும் மிகுந்த சில மணிகளில் சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்த மணிகளில் பணம் தர வேண்டியதில்லை என்று ஒரு வரி வேண்டும். இல்லையென்றால் யாருக்கும் வேண்டாத மின்சாரத்துக்கும் முழு விலை கொடுப்பீர்கள்.

நிறுத்திவைப்பு. கம்பியில் நெரிசல் என்று தொகுப்பை இயக்கும் அமைப்பு நிலையத்தை நிறுத்தச் சொன்னால், இழப்பு யாருக்கு?

தாமதம். நிலையம் இந்தத் தேதிக்குள் ஓடாவிட்டால் நாளுக்கு இவ்வளவு ஈடு, அதற்குப் பின் ஒரு கடைசித் தேதி, அதையும் தாண்டினால் விலகும் உரிமை. பெரும்பாலான தாமதங்கள் பேனலால் வருவதில்லை, தொகுப்பு இணைப்பால் வருகின்றன. இணைப்பு அனுமதி ஏற்கெனவே கையில் உள்ள திட்டத்துக்கு டெண்டரில் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

சான்றிதழ். மின்சாரத்தோடு சான்றிதழும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சுத்தமான மின்சாரம் என்ற உரிமை வேறொருவருக்குப் போய்விட்டது.

பேட்டரியும் சேர்த்துத் தருகிறோம் என்று வந்தால் மெகாவாட்டை மட்டும் பார்க்காதீர்கள். 2.4 மெகாவாட் தெருவிளக்குக்கு 2.4 மெகாவாட், நான்கு மணி நேர பேட்டரி என்றால் சேமிப்பு 9.6 மெகாவாட் மணி. இரவு முழுக்க வேண்டியது 27. உள்ளே போவதில் 10–15 சதவீதம் வெளியே வராது. மாலை உச்சத்தைக் கடக்க அந்த பேட்டரி அருமையானது, விடியும்வரை அதை எதிர்பார்க்க முடியாது. பின்னிரவுக்குக் காற்றுதான் மலிவு.

## 4. சேர்ந்து வாங்குவது

பெரிய நிலையம் கட்டுபவர்கள் ஒன்றிரண்டு மெகாவாட் வாங்குபவரைத் தேடி வரமாட்டார்கள். வக்கீல் செலவு ஒரு மெகாவாட்டுக்கும் 50 மெகாவாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சிறிய நகரங்கள், பல்கலைக்கழகம், மருத்துவமனை, குடிநீர் வாரியம் என்று சேர்ந்துகொள்வது நல்லது.

மெல்போர்ன் மாநகராட்சி தலைமையில் 14 அமைப்புகள் இப்படிச் சேர்ந்தன. மாநகராட்சிகளோடு பல்கலைக்கழகமும் வங்கியும் இருந்தன. 10 ஆண்டு ஒப்பந்தத்தின் பலத்தில் 39 காற்றாலைகள் கொண்ட 80 மெகாவாட் நிலையம் எழுந்தது. 2019 தொடக்கத்திலிருந்து மாநகராட்சியின் சொந்த மின்சாரம் முழுவதும் புதுப்பிக்கத்தக்கது.

வீடுகளையும் சேர்க்க இன்னொரு வடிவம் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 1997இலும் கலிபோர்னியா 2002இலும் இதற்குச் சட்டம் இயற்றின. கலிபோர்னியாவில் முதலாவதாக மரின் பகுதி 2010இல் தொடங்கியது. கம்பியும் பில்லும் பழைய கம்பெனியிடம் இருக்கும், மின்சாரத்தை மட்டும் உள்ளாட்சிக் கூட்டமைப்பு வாங்கும். விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம், மற்றவர்கள் தாமாகவே உள்ளே. பெருவாரியான வீடுகள் மாறுவது இந்த ஏற்பாட்டால்தான். விரும்புபவர் பெயர் கொடுங்கள் என்றால் ஆர்வலர்கள் சிலர்தான் வருவார்கள். மறைந்த செலவு விலகல் கட்டணம். பழைய கம்பெனி உங்களுக்காக முன்பு போட்ட ஒப்பந்தங்களின் சுமையை வெளியேறுபவர்களின் பில்லிலும் ஏற்றுவார்கள். அது ஆண்டுதோறும் மாறும், உங்கள் விலைச் சலுகையைச் சில ஆண்டுகளில் முழுவதும் விழுங்கக்கூடும்.

கூட்டணியில் விலை யாரும் நினைப்பதுபோல் சிக்கலாக இருப்பதில்லை, நாட்காட்டிதான் சிக்கல். ஏலத்தில் வந்த விலை சில வாரங்களுக்கே செல்லும். பதினான்கு அமைப்புகளும் அதற்குள் ஒரே வரைவுக்கு ஒப்புதல் தர வேண்டும். ஏல முடிவுக்கு முன்பே, "இந்த உச்ச விலைக்குள் வந்தால் ஆணையரே கையெழுத்திடலாம்" என்று தீர்மானம் வாங்கிவையுங்கள். ஒருவர் தவறினால் மற்றவர் சுமக்க வேண்டாம் என்று பொறுப்பைத் தனித்தனியாகப் பிரித்தும் எழுதிவிடுங்கள்.

## 5. விநியோகத்தை நகரமே ஏற்பது

ஹாம்பர்க் மக்கள் 2013இல் வாக்கெடுப்பில் நூலிழைப் பெரும்பான்மையில் முடிவெடுத்தார்கள். மின்கம்பி வலையை நகரம் 2014இல் வாங்கியது, வீடுகளுக்குச் சூட்டைக் கொண்டுசெல்லும் வெப்பக் குழாய் வலையை 2019இல். பெர்லினில் அதே 2013இல் வாக்கெடுப்பு தோற்றும், பேச்சும் வழக்குமாய் இழுத்து 2021இல் சுமார் 210 கோடி யூரோவுக்கு மின்வலை நகரத்திடம் வந்தது. அமெரிக்காவின் போல்டர் நகரம் 2011இல் இதே முயற்சியைத் தொடங்கி, 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2020இல் கைவிட்டு, பழைய கம்பெனியோடே புதிய உடன்பாடு செய்துகொண்டது.

இந்த வழியில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: கம்பி வேறு, மின்சாரம் வேறு. ஐரோப்பியச் சட்டப்படி கம்பியின் உரிமையாளர் யாருடைய மின்சாரத்தையும் சுமந்தாக வேண்டும். ஹாம்பர்க் மின்வலையை வாங்கியதால் ஒரு நிலக்கரி உலைகூட அணையவில்லை. ஆனால் வெப்ப வலையை வாங்கியபோது, அதற்குச் சூடு தரும் நிலக்கரி நிலையத்தை எப்போது, எதைக் கொண்டு மாற்றுவது என்ற முடிவு நகரத்தின் கைக்கு வந்தது. எதை எடுத்தால் எரிபொருள் மாறும் என்பதுதான் இங்கே கேள்வி. உற்பத்தியும் விநியோகமும் ஒரே கையில் இருக்கச் சட்டம் அனுமதிக்கும் நாட்டில் கதை வேறு.

செலவில் பெரியது விலை நிர்ணயச் சண்டை. புதிதாகக் கட்ட ஆகும் தொகையில் தேய்மானம் கழித்து ஒரு பக்கம் கேட்கும், வருமானத்தை வைத்து மறுபக்கம் கேட்கும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. நகர எல்லையில் வலையைப் பிரித்து புதிய துணை மின்நிலையம் கட்டும் செலவு தனி. புயல் அடித்த இரவில் கம்பம் ஏறத் தொழிலாளர்களும், கிடங்கில் உபரி டிரான்ஸ்ஃபார்மர்களும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

கம்பெனியின் உரிமக் காலம் முடிய ஓரிரு ஆண்டே இருக்கிறது, சொந்தமாக வெப்ப வலை இருக்கிறது, அல்லது கம்பெனி சோலார் இணைப்புகளைத் தொடர்ந்து முடக்குகிறது என்றால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு எங்கள் ஆலோசனை: உரிமத்தைப் புதுப்பிக்கும் பேச்சுவார்த்தையில் இதை ஒரு துருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரியிலிருந்து விலகும் ஆண்டு, இணைப்பு தர வேண்டிய நாள் கெடு, மணிவாரித் தரவு ஆகியவற்றை உரிமத்திலேயே எழுதி வாங்கினால் பாதிப் பலன் வழக்கில்லாமல் கிடைத்துவிடும்.

## எந்த ஊருக்கு எது

ஒரே கம்பெனியிடம்தான் வாங்க முடியும் என்ற சட்டம் உள்ள ஊருக்குச் சொந்தக் கூரை, நீரேற்று நிலையம், உரிமப் பேச்சு. சான்றிதழை இடைக்கால நிரப்பாக மட்டும் வையுங்கள்.

விரும்பியவரிடம் வாங்கலாம், சுமையும் 10 மெகாவாட்டைத் தாண்டுகிறது என்றால் தனி ஒப்பந்தம், தேவையில் 60–70 சதவீதத்துக்கு. சுமை அதற்குக் கீழே என்றால் கூட்டணி. தனியாகப் போனால் நல்ல விலை கிடைக்காது.

நிதிநிலை ஆட்டம் காணும் நகராட்சி நீண்ட ஒப்பந்தத்துக்கு அவசரப்பட வேண்டாம். அதன் கடன் மதிப்பைப் பார்த்து விற்பவர் விலையிலேயே ஆபத்தைச் சேர்த்துவிடுவார். எல்.இ.டி., பம்பு, கசிவு அடைப்பு ஆகியவற்றை முதலில் முடித்தால் அந்தச் சேமிப்பே அடுத்த கட்டத்துக்கு முதலாகும்.

பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றும் நகரங்களுக்குக் கணக்கே வேறு. சீனாவின் ஷென்சென் 2017இல் 16,000க்கு மேற்பட்ட பேருந்துகளை முழுவதும் மாற்றிவிட்டது. ஒரு பேருந்து கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் குடிக்கும். 100 பேருந்துள்ள பணிமனை, நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் 20,000 யூனிட். பெரும்பகுதி இரவு 10 முதல் 5 வரை ஏற்றப்படுவதால் ஏறக்குறைய 3 மெகாவாட் புதிய இரவுச் சுமை. இதற்கு மேலும் சோலார் வாங்கிப் பயனில்லை, இரண்டாவது ஒப்பந்தத்தைக் காற்றாகப் பேசுங்கள். பகலில் பணிமனையில் நிற்கும் வண்டிகளை நண்பகலில் ஏற்றும்படி அட்டவணையை மாற்ற முடிந்தால் கொஞ்சம் சோலாருக்கும் இடம் வரும். அந்த 3 மெகாவாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வந்து சேரப் பேருந்து வருவதை விட அதிக நாளாகலாம். பேருந்து டெண்டர் போடும் அதே மாதத்தில் இணைப்பு விண்ணப்பமும் போய்விட வேண்டும்.